அந்த மூன்று நாள்

கொல்லிமலை நோயாளிக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனைக்கு, முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் மறுக்கப்பட்டால் என்ன செய்வது? மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. ஆனால் அது மலைமேல் இருக்கும் செம்மேட்டு அரசு மருத்துவமனையில் எழுதும் ஒரு துண்டுச் சீட்டிலிருந்து தொடங்குகிறது.

தை பிறந்தால் கொல்லிமலையில் மிளகு பறிப்பு. சில்வர் ஓக் மரங்களில் உச்சி வரை ஏறியிருக்கும் கொடிகளுக்கு ஒற்றை மூங்கில் ஏணி சாத்தி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். ஏணி சறுக்கினால் பிடித்துக்கொள்ளக் கொடி மட்டும்தான். மலையில் எலும்பு முறிவுக்குப் பஞ்சமில்லை.

ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள, கற்பனையாக ஒரு பெரியவரை வைத்துக்கொள்வோம். வயது அறுபதுக்கு மேல். மலையாளிப் பழங்குடி. மாலையில் மரத்திலிருந்து விழுகிறார், தொடை எலும்பு போய்விட்டது. வீட்டார் முதலில் தூக்கிப்போவது நாட்டு வைத்தியரிடம். மூங்கில் தப்பை வைத்துக் கட்டு. இரண்டு நாள் பார்க்கிறார்கள், வீக்கம் வடியவில்லை. மூன்றாம் நாள் செம்மேடு அரசு மருத்துவமனை. அங்கிருந்து 108 வண்டியில் ‘70/70’ பலகை தொடங்கி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக இறங்கி, காரவள்ளி, சேந்தமங்கலம் வழியாக நாமக்கல்.

கீழே ஒரு மருத்துவமனை. இன்சூரன்ஸ் வார்டு மேலாளர் கேட்கிறார்: “ஏனுங்கய்யா, கார்டு இருக்குதுங்களா? எப்ப உழுந்தீங்க?” கார்டு இருக்கிறது. அப்ரூவல் வருகிறது. ஆபரேஷன் நடக்கிறது, தகடு வைக்கிறார்கள், பெரியவர் வாக்கரோடு மலையேறுகிறார். சில வாரம் கழித்து மருத்துவமனையின் கணினித் திரையில் ஒரு சொல்: ரிஜெக்ட்.

காரணம் ஒரு வரி. செம்மேட்டுச் சீட்டில் ‘விழுந்து 3 நாள்’. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘1 நாள்’. ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டின் காப்பி இணைக்கப்படவில்லை. ‘நோயாளியின் விவரங்கள் முரண்படுகின்றன.’

வைத்தியம் உண்மை, முறிவு உண்மை, தகடு இன்னும் பெரியவர் தொடைக்குள் இருக்கிறது. ஆனாலும் பணம் கிடையாது. அவரிடம் போய் “இன்சூரன்ஸ் தரவில்லை, நீங்கள் கட்டுங்கள்” என்று மருத்துவமனை கேட்கவும் முடியாது. கட்டணமில்லாச் சிகிச்சை என்பது திட்டத்தின் அடிப்படை நிபந்தனை. இந்த நிலையில் மருத்துவமனைக்கு இருக்கும் ஒரே நேர்மையான வழி மேல்முறையீடு.

பணம் வரும் பாதை

அரசு பிரீமியம் கட்டி, ஏழைக்குத் தனியார் மருத்துவமனையிலும் அறுவைச் சிகிச்சை என்ற யோசனை தென்னிந்தியாவில் பெரிய அளவில் 2007இல் ஆந்திரத்தின் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தோடு வந்தது. தமிழ்நாட்டில் 2009 ஜூலை 23 அன்று, உயிர்காக்கும் உயர்சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஆட்சி மாறி, 2012 ஜனவரி 11 அன்று அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மறுபடி வந்தது. காப்பீட்டு நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட, பொதுத்துறையைச் சேர்ந்த யுனைடெட் இந்தியா. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இதனோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற வரம்பு அதையொட்டி வந்தது. 2022 ஜனவரியில் திட்டம் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டபோது, குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்ந்தது. அன்றைய கணக்கில் பயன்பெறும் குடும்பங்கள் 1.37 கோடி.

இத்தனை பெரிய இயந்திரத்தில் ஒரு பெரியவரின் தொடை எலும்பு எப்படிப் பயணிக்கிறது? ரேஷன் கார்டு, ஆதார், எக்ஸ்ரே, நோயாளியின் போட்டோ எல்லாம் ஏற்றி மருத்துவமனை முன் அனுமதி கேட்கும். புழக்கத்தில் ‘ப்ரீ ஆத்’. காப்பீட்டு நிறுவனத்துக்காக வேலை செய்யும் இடைநிலை நிறுவனத்தின் மருத்துவர் பார்த்து அனுமதிப்பார், அல்லது ‘க்வெரி’ போடுவார், அல்லது மறுப்பார். சிகிச்சை முடிந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, அறுவைக்குப் பிந்தைய எக்ஸ்ரே, பொருத்திய தகட்டின் ஸ்டிக்கர் ஆகியவற்றோடு ‘கிளெய்ம்’ போகும். முதலில் ஒருவர் காகிதங்கள் முழுமையா என்று பார்ப்பார். பிறகு ஒரு மருத்துவர் வைத்தியம் சரியா என்று பார்ப்பார்.

இந்த இருவரும் பெரியவரைப் பார்த்ததில்லை. கொல்லிமலையைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தேதி, நேரம், கையெழுத்து, படம் ஆகிய நான்கின் வழியாகத்தான் அவர்களுக்கு அந்த மனிதர் தெரிவார். தொடை முறிந்தவர் மூன்று நாள் ஏன் சும்மா இருந்தார் என்பது நகரத்து மேசையில் சந்தேகத்துக்குரிய கேள்வி. மலையில் அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் எழுதுவதில்லை.

சந்தேகத்துக்கும் காரணம் உண்டு

காப்பீட்டுத் தரப்பை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். ஆனால் இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையைப் படித்தவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். ஆயுஷ்மான் பாரத்தில் சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணோடு பதிவாகியிருந்தனர். முன்பே இறந்துவிட்டதாகக் கணினியில் பதிவானவர்களுக்கும் சிகிச்சை நடந்ததாகப் பணம் போயிருந்தது. நடக்காத ஆபரேஷனுக்கும், வெளிநோயாளியாகப் பார்த்து அனுப்பக்கூடியவரைப் படுக்கவைத்ததற்கும் பில் போடும் மருத்துவமனைகள் இருக்கவே செய்கின்றன. அது மக்கள் பணம், அதற்கு ஒரு காவல் வேண்டும்.

பிரச்சினை எங்கே வருகிறதென்றால், பொய்யைப் பிடிக்க விரித்த வலையில் ஒழுங்கற்ற உண்மையும் மாட்டிக்கொள்கிறது. மோசடிக்காரரின் கோப்பு பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், அது அவர் தொழில். இரவு இரண்டு மணிக்கு ரத்தப்போக்கோடு வந்தவரைக் காப்பாற்றிய மருத்துவரின் கோப்பில்தான் ஓட்டைகள் இருக்கும். மேல்முறையீடு இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கான சல்லடை.

படிகள்

முதல் படி, க்வெரிக்குப் பதில். மறுப்புகளில் ஒரு பகுதி, பதில் சொல்லாமல் விட்ட க்வெரியில் பிறப்பது. வார்டு மேலாளர் விடுப்பு, டாக்டர் மாறுதலாகிப் போய்விட்டார், இணையம் இல்லை, நாள் கடந்துவிட்டது. இது மேல்முறையீடு அல்ல, வீட்டுவேலை. இதைச் செய்தால் மேலே ஏறவேண்டிய தேவையே பல சமயம் வராது.

இரண்டாவது, மறுபரிசீலனை. மறுத்த நிறுவனத்திடமே, விடுபட்ட ஆவணத்தோடு, கோப்பைத் திரும்பத் திறக்கக் கேட்பது. ஆயுஷ்மான் பாரத் வழிகாட்டு நெறிகளின்படி மறுப்பின் காரணத்தை மருத்துவமனைக்குத் தெரிவிக்கவேண்டும். மேல்முறையீட்டுக்கு உரிமை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். ‘ஆவணம் போதாது’ என்று மட்டும் வந்தால், எந்த ஆவணம் என்று எழுத்தில் கேட்கலாம், கேட்கவேண்டும்.

மூன்றாவது, மாவட்டக் குறைதீர்ப்புக் குழு. இதன் தலைவர் மாவட்ட ஆட்சியர். நம் பெரியவரின் கோப்பு நாமக்கல் ஆட்சியர் மேசைக்கு வரும் இடம் இது. மாவட்டச் சுகாதார அதிகாரிகளும் காப்பீட்டு நிறுவனத்தின் பிரதிநிதியும் உட்காரும் குழு. புகார் வந்த 30 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்கின்றன மத்திய நெறிமுறைகள்.

நான்காவது, மாநிலக் குழு. மாவட்டத்தின் முடிவு ஒப்பவில்லை என்றால் 30 நாளுக்குள் இங்கே போகலாம். தமிழ்நாட்டில் இந்தக் காப்பீட்டை நடத்தும் அரசு அமைப்பு தமிழ்நாடு சுகாதாரத் திட்டம். மாநில அளவிலான குறைதீர்ப்பு அதன் திட்ட இயக்குநரின் பொறுப்பு. ஆயுஷ்மான் பாரத் அமைப்பில் இதற்கும் மேலே தேசியக் குழு ஒன்று இருக்கிறது.

இதற்கெல்லாம் பிறகு நீதிமன்றம். யுனைடெட் இந்தியா அரசுக்குச் சொந்தமான நிறுவனம் என்பதால், அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவில் ரிட் மனு போட முடியும். நாமக்கல்லுக்கு அது சென்னை உயர் நீதிமன்றம். குழுக்களைத் தாண்டி நேராகப் போனால் “முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள்” என்பதுதான் வழக்கமான பதில். காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனைச் சிலர் நினைத்துக்கொள்வார்கள். அது பாலிசிதாரருக்காக ஏற்பட்ட அமைப்பு, மருத்துவமனையின் பில் தகராறுக்கு உரிய இடமல்ல.

மறுப்பு மட்டுமல்ல, தாமதமும் முறையிடத் தக்கதே. காப்பீட்டு நிறுவனம் வழியாக நடக்கும் ஆயுஷ்மான் பாரத் ஒப்பந்த நெறிகளில், தேவையான ஆவணங்கள் வந்த 15 நாளுக்குள் கிளெய்ம் தீரவேண்டும். வேறு மாநிலத்து நோயாளி என்றால் 30 நாள். தாண்டினால் வாரத்துக்கு 1 சதவீதம் அபராதத்தோடு மருத்துவமனைக்குத் தரவேண்டும். ‘பணம் எப்போது வரும்’ என்று போனில் கெஞ்சுகிற மருத்துவமனைகள், இந்த வரியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினால் பேச்சின் தொனி மாறும்.

எதை வைத்து வாதிடுவது?

மறுப்புகள் நான்கு வகை. நான்குக்கும் மருந்து வேறு வேறு.

காகிதக் குறை: விடுபட்டதை இணைத்தால் போதும், வாதம் வேண்டாம்.

ஆள் குறை: ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு எழுத்துக்கூட்டல். ஒன்றில் வயது 58, இன்னொன்றில் 64. மலையில் இது சர்வசாதாரணம். பிறந்த தேதி தெரியாத தலைமுறைக்கு, யாரோ ஒரு எழுத்தர் போட்ட தேதியே பிறந்த நாள். கிராம நிர்வாக அலுவலரின் சான்று, குடும்பத் தலைவரோடு உறவைக் காட்டும் ஆவணம், படுக்கையில் எடுத்த போட்டோ ஆகியவை இங்கே பேசும்.

மருத்துவக் குறை: ‘இந்த ஆபரேஷன் தேவையில்லை’, ‘இந்தப் பேக்கேஜ் பொருந்தாது’. இங்கேதான் மருத்துவரே உட்கார்ந்து எழுதவேண்டும். எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது, வேறு வழி ஏன் போதாது, தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவேண்டும். எலும்பு முறிவுக் கோப்பை எலும்பு மருத்துவரே பார்க்கவேண்டும் என்று கேட்பதும் நியாயமான கோரிக்கை.

சந்தேகம்: ‘முரண்பாடு’, ‘மோசடியோ’ என்பது. இதற்குப் பதில் காலவரிசை ஒன்றுதான்.

பெரியவரின் கோப்பு நான்காம் வகை. அதற்கான மேல்முறையீட்டுக் கடிதம் இரண்டு பக்கம் தாண்ட வேண்டியதில்லை. முதல் பத்தியில் கிளெய்ம் எண், மறுத்த தேதி, மறுப்புக் காரணம் அவர்கள் சொற்களிலேயே. அடுத்து நாள் வாரியாக நடந்தது: விழுந்த மாலை, நாட்டு வைத்தியரின் கட்டு, செம்மேட்டில் பார்த்த நேரம், 108 ஊழியர் எழுதிய பராமரிப்புத் தாளில் உள்ள நேரம், கீழே சேர்த்த நேரம். மூன்றாவதாக ஒப்புதல்: “டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘1 நாள்’ என்பது எங்கள் பிழை. சேர்க்கையன்று எழுதிய கேஸ் ஷீட்டில் 3 நாள் என்றே உள்ளது.” கடைசியில் வேண்டுகோள், இணைப்புப் பட்டியல், சிகிச்சை தந்த மருத்துவரின் கையெழுத்து.

அந்த ஒப்புதல் பத்திதான் பலருக்குத் தொண்டையில் சிக்கும். பிழையை ஒத்துக்கொள்வதைவிடச் சம்மரியைத் திருத்திப் புதிதாகப் பிரிண்ட் எடுத்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் நல்ல கோப்பு கெட்டுப்போகிறது. பழைய தாள் ஏற்கெனவே கணினியில் ஏறியிருக்கிறது. முன்தேதியிட்ட இரண்டாம் தாள் வந்தால், பிழை என்பது மோசடியாகிவிடும். திட்டப் பட்டியலிலிருந்தே மருத்துவமனை நீக்கப்படலாம். திருத்தம் வேண்டுமென்றால், இன்றைய தேதியிட்டு, இன்றைய கையெழுத்தோடு, ‘திருத்தக் குறிப்பு’ என்று தனித் தாளில் எழுதவேண்டும்.

திட்டமே மாறிவிடும்

ஒரு சொல் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு இன்னொரு உதாரணம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. தொடங்கியபோது 81 வகைச் சிகிச்சை, 1 லட்சம் ரூபாய் வரை. கார்டு வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். மலைப்பாதையில் பைக் சறுக்கியவருக்கு இது பொருந்தும். மரத்திலிருந்து விழுந்தவருக்குப் பொருந்தாது, அவர் காப்பீட்டு அட்டையில்தான் வரவேண்டும். இரவு நேரத்தில் பரபரப்பாக ‘விபத்து’ என்று மட்டும் எழுதிவிட்டால், கோப்பு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்கும். விழுந்தாரா, மோதினாரா, மாடு முட்டியதா என்று ஏ.ஆர். என்ட்ரியில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் சரி.

யார் முறையிடுவதில்லை?

தனியார் மருத்துவமனைக்கு மறுக்கப்பட்ட ஒவ்வொரு கிளெய்மும் கைக்காசு நட்டம். அதனால் பெரிய மருத்துவமனைகள் இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. இருபது படுக்கை வைத்திருக்கும் சிறிய நர்சிங் ஹோமில் அந்த வேலையும் டாக்டர் தலையில். ‘பதினைந்தாயிரத்துக்கு யார் அலைவது’ என்று விட்டுவிடுவார்.

அரசு மருத்துவமனையின் நிலை விசித்திரம். அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் கிளெய்ம் போடுகின்றன. வரும் பணம் மருத்துவமனையின் தேவைகளுக்கும், ஒரு பகுதி ஊழியர் ஊக்கத்தொகைக்கும் போகிறது. 2022 ஜனவரியில் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற புதிய இடங்களில் அந்தப் பணத்தின் மதிப்பு பெரிது. ஆனால் கிளெய்ம் மறுக்கப்பட்டால் யாருடைய சம்பளமும் குறையாது, நோயாளிக்கும் தெரியாது. வராத பணத்துக்காக யாரும் கதவைத் தட்டுவதில்லை. மேல்முறையீட்டை அதிகம் பயன்படுத்த வேண்டியவர்கள் இவர்கள்தான் என்பேன்.

முறையிடும் பழக்கம் இல்லாத இடத்தில் கோபம் வேறு வழியில் வெடிக்கிறது. 2022 ஆகஸ்டில், பஞ்சாப் அரசின் பாக்கி சேர்ந்ததால் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனை அந்த மாநில ஆயுஷ்மான் நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் ஹரியானாவின் தனியார் மருத்துவமனைகள், பாக்கியையும் பிடித்தங்களையும் சொல்லி, ஆயுஷ்மான் சேவையையே நிறுத்தின. சண்டை மருத்துவமனைக்கும் அரசுக்கும், வாசலில் நின்றவர் நோயாளி.

படிகள் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்கா சாட்சி. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் மருத்துவமனை ஐந்து படி ஏறலாம். முதல் படிக்கு 120 நாள் அவகாசம், இரண்டாம் படிக்கு 180 நாள், மூன்றாவதில் தனி நீதிபதி, பிறகு மேல்முறையீட்டு மன்றம், கடைசியில் கூட்டாட்சி நீதிமன்றம். நீதிபதி 90 நாளில் தீர்க்கவேண்டும் என்பது சட்டம். நடந்தது வேறு. கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்தன. 2014இல் அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் வழக்குப் போட்டது. 2018 நவம்பரில், தேங்கியிருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மேல்முறையீடுகளை 2022க்குள் படிப்படியாகத் தீர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. பணக்கார நாட்டிலேயே தாமதம் மறுப்பின் மறுபெயராக இருந்திருக்கிறது. இங்கே 30 நாள் என்பது காகிதத்தில் நிற்கிறதா, நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியவர்கள் மருத்துவர்கள் சங்கங்கள்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு உதவும். நிறுவனமும் பொதுத்துறை, திட்டமும் அரசுடையது.

மருத்துவமனைகளுக்கு: கையில் வைத்துக்கொள்ள

• சேர்க்கையின்போதே மூன்று நேரங்களை எழுதுங்கள்: நோவு தொடங்கியது, முதலில் பார்த்தது, உங்களிடம் வந்தது.
• நாட்டு வைத்தியம் பார்த்திருந்தால் தயங்காமல் பதிவு செய்யுங்கள்.
• செம்மேட்டுப் பரிந்துரைச் சீட்டையும் 108 தாளையும் படம் பிடித்துக் கோப்பில் வையுங்கள்.
• அனுப்பும் முன் கேஸ் ஷீட், ஏ.ஆர். என்ட்ரி, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றிலும் தேதி ஒத்துப்போகிறதா என்று ஒருவர் படித்துப் பார்க்கட்டும்.
• மாவட்டக் குழுவும் மறுத்தால், அன்றே நாட்காட்டியில் 30 நாளைக் குறியுங்கள்.
• நோயாளியிடம் பணம் கேட்காதீர்கள். கேட்டால் அவர் 1800 425 3993 என்ற எண்ணில் புகார் செய்யலாம். அந்தப் புகார் உங்கள் மேல்முறையீட்டை முடித்துவிடும்.

ஒரே கட்டடம்

திங்கள்கிழமை காலை நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். முதல் பேருந்தைப் பிடித்து மலையிலிருந்து மனுவோடு இறங்குகிறவர்கள் உண்டு. பட்டா, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை. காப்பீட்டு அட்டைக்குப் பதியும் மையமும் இதே ஆட்சியர் அலுவலகத்தில்தான். பெரியவருக்கு அட்டை தந்த வளாகத்துக்கே, அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனையின் மேல்முறையீடும் வந்து சேர்கிறது. அவர் ஒரு வரிசையில் நிற்கலாம், அவருடைய கோப்பு வேறொரு அறையில் கிடக்கலாம். ஒன்றுக்கொன்று தெரியாது.

தெரிய வேண்டும் என்று இல்லை. செம்மேட்டில் அன்று பணியில் இருந்த மருத்துவர், கூட்டத்துக்கு நடுவே, ‘மரத்திலிருந்து விழுந்து 3 நாள், நாட்டுக் கட்டு போடப்பட்டது’ என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டிருந்தால் போதும். ரேஷன் கார்டோடு பாலிதீன் பையில் எழுபது வளைவு இறங்கிவந்த அந்தச் சீட்டுதான் குழுவின் முன்னால் மருத்துவமனைக்கான சாட்சி.

அடுத்த தையிலும் மிளகுக் கொடிக்கு ஏணி சாத்துவார்கள். யாராவது விழுவார்கள். 108 வண்டி கீழே வந்து நிற்கும்போது அந்த மருத்துவமனை ஸ்ட்ரெச்சரை எடுத்துவருமா, “வேறு இடம் பாருங்க” என்று சொல்லுமா என்பது, இந்த வருடத்துக் கோப்பு எப்படி முடிந்தது என்பதைப் பொறுத்தது.